செய்தித்தாளிலிருந்து சின்னத்திரைக்கு

(தோட்டப்புற இளைஞர்களுக்காகப் பங்சாரில் நடைபெற்ற எழுத்துப் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நாம் இன்று கூடியிருக்கும் இந்தப் பங்சார், இப்போது அடுக்குமாடிகளும் அங்காடிகளும் நிறைந்த நகர்ப்புறமாகக் காட்சி தருகிறது. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விடம் ஒரு ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்னும் இரண்டு ஐரோப்பியர்களின் பெயர்கள் சேர்ந்து, மக்கள் வாயில் மருவிப் பங்சார் என ஆயிற்று என்பர். நம் பாட்டன்மார் நிரை பிடித்துப் பால் வெட்டிய மண்ணின் மீதுதான் பின்னர் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. அந்த மண்ணுக்கு அருகிலேயே அங்காசாபுரியும் எழுந்தது. அங்காசா என்றால் வானம். புரி என்றால் நகர். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அமைந்த வான்நகர் அது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் ஜாலான் அம்பாங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் தொடங்கிய மலேசியத் தொலைக்காட்சி, 1969ஆம் ஆண்டில் இங்கே குடியேறியது.

பால்மரம் நின்ற இடத்திற்குப் பக்கத்தில் கதை சொல்லும் கோபுரம் நிற்கிறது. அந்தக் கோபுரத்தின் வழியே யாருடைய கதை செல்ல வேண்டும், அதை எழுதுவோர் யார் என்னும் கேள்வியை உங்கள் முன் வைக்கவே இன்று வந்திருக்கிறேன். அதற்காக, பத்திரிகையாளராக இருந்து தொலைக்காட்சித் தொடர்களின் திரைக்கதை ஆசிரியராக மாறிய ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அவர் தமிழர் அல்லர்; இந்தி எழுத்தாளர். ஆயினும், அவர் எழுதியது நம் லயத்து வீடுகளில் நடப்பவற்றைத்தான்.

முன் சென்ற தமிழர்

முதலில் நம்மவர் ஒருவரை நினைவுகூர்வது முறை. சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் 1906ஆம் ஆண்டில் பிறந்தவர். ‘மணிக்கொடி’யில் கதைகள் எழுதினார், ‘தினமணி’, ‘தினசரி’ ஆகிய நாளிதழ்களில் உதவி ஆசிரியராகப் பணிபுரிந்தார். பத்திரிகை ஊதியம் குடும்பத்திற்குப் போதவில்லை. எனவே, திரைப்படத் துறைக்குச் சென்றார். ‘அவ்வையார்’, ‘காமவல்லி’ ஆகிய படங்களுக்கு எழுதும் பணியில் ஈடுபட்டார். சொந்தமாகவே ஒரு படம் எடுக்கவும் முயன்று கையைச் சுட்டுக்கொண்டார். பின்னர் ‘ராஜமுக்தி’ படத்திற்கு உரையாடல் எழுதப் புனே நகருக்குச் சென்றவர், காசநோயுடன் திரும்பினார். 1948ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் காலமானபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

எழுதத் தெரிந்தவனுக்குத் திரையுலகம் திறந்த கதவு என்று எண்ணி ஏமாறக்கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொன்னேன். பேனா மட்டும் போதாது. தொழிலின் முறை தெரிய வேண்டும். எழுதிய வேலைக்குக் கூலி கிடைக்கும் ஏற்பாடும் வேண்டும். இனி நான் கூறப்போகும் மனிதருக்கு இவ்விரண்டும் வாய்த்தன.

மனோகர் சியாம் ஜோஷி

மனோகர் சியாம் ஜோஷி 1933ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அஜ்மீரில் பிறந்தார். இமயமலைச் சாரலிலுள்ள குமாவுன் வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். இலக்னோவில் படித்தார். அங்கே அமிர்தலால் நாகர் என்னும் மூத்த எழுத்தாளரைத் தம் இலக்கிய ஆசானாகக் கொண்டார். பின்னர் ‘தினமான்’ என்னும் செய்தி இதழில் பணிபுரிந்தார். அடுத்து ‘சாப்தாஹிக் ஹிந்துஸ்தான்’ என்னும் புகழ்பெற்ற வார இதழின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் விளங்கினார்.

வார இதழ் ஆசிரியர் வேலை எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரசியல், அறிவியல், திரைப்படம், விளையாட்டு என எதைப் பற்றியும் எழுதத் தெரிய வேண்டும். குறித்த நாளில் இதழ் அச்சேறியாக வேண்டும். மனம் வரவில்லை என்று தள்ளிப்போட இயலாது. காலைப் பிரட்டுக்கு மணி அடித்தபின் உடம்பு வலிக்கிறது என்று சாக்குச் சொன்னால் தண்டல் ஏற்றுக்கொள்வாரா? அச்சகமும் அப்படித்தான். இந்தக் கட்டுப்பாடுதான் பிற்காலத்தில் ஜோஷிக்குப் பெருந்துணையாயிற்று.

இன்னொன்றையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அவருடைய முதல் நாவலாகிய ‘குரு குரு ஸ்வாஹா’ 1980ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழை நெருங்கியிருந்தது. தொலைக்காட்சித் தொடரை எழுதத் தொடங்கியபோது ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருந்தார். காலம் கடந்துவிட்டது என்று சோர்ந்திருப்போர்க்கு இது நல்ல ஆறுதல்.

நாம்தாம் கதை

1982ஆம் ஆண்டில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அதனையொட்டி இந்தியாவில் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் ஒளிபரப்பு நிலையங்கள் பெருகின. ஆனால், அவற்றின் வழியே மக்களுக்கு எதைக் காட்டுவது?

இதற்கான விடை மெக்சிகோ நாட்டில் இருந்தது. அங்கே மிகேல் சபிதோ என்பவர், தொடர்கதை நாடகங்களின் வாயிலாகச் சமூகக் கல்வி அளிக்கும் முறையை உருவாக்கியிருந்தார். 1975ஆம் ஆண்டில் முதியோர் கல்வி குறித்தும், 1977ஆம் ஆண்டில் குடும்ப நலம் குறித்தும் அவர் தயாரித்த தொடர்கள் மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. மெக்சிகோ சென்று வந்த இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் வசந்த் சாத்தே அம்முறையைத் தம் நாட்டிலும் புகுத்த விரும்பினார். அவ்விருப்பத்தின் விளைவாக உருவான தொடருக்கு எழுத்தாளராக அமைந்தவர் ஜோஷி. இயக்குநர் பி. குமார் வாசுதேவ். தொடரின் பெயர் ‘ஹம் லோக்’. தமிழில் சொன்னால், ‘நாம்’.

1984ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் தொடங்கி, 1985ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் வரை ஏறத்தாழப் பதினேழு மாதங்கள் ஒளியேறியது. பகுதிகள் நூற்றைம்பதுக்கும் மேல். வணிக நிறுவனத்தின் ஆதரவோடு வந்த முதல் இந்தியத் தொடர் அதுவே. ஆதரவளித்தது, நம் வீட்டுப் பிள்ளைகளும் நன்கு அறிந்த மேகி மீ.

கதையில் அரசர் இல்லை, அரண்மனை இல்லை. மூன்று தலைமுறைகள் ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழும் எளிய குடும்பம். குடிக்கு அடிமையான தந்தை பசேசர் ராம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தாய் பகவந்தி. மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். மூத்த பெண்ணுக்குத் திருமணம் ஆக வேண்டும். வரதட்சணைக்குப் பணம் இல்லை. நடு மகள் நடிகையாகும் ஆசையில் ஏமாற்றம் அடைகிறாள். இளையவளுக்கு மருத்துவராக வேண்டும் என்னும் கனவு. மூத்த மகனுக்கு வேலை கிடைக்கவில்லை. இளையவனுக்குக் கிரிக்கெட் மீது நாட்டம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் முதுபெரும் நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி, நடந்ததைப் பற்றி ஓரிரு சொற்கள் பேசிப் பார்வையாளரைச் சிந்திக்கத் தூண்டுவார்.

உங்களில் பலர் இப்போதே புன்னகை செய்கிறீர்கள். அந்த வீட்டை நீங்கள் அறிவீர்கள். ஆயக் கொட்டகைக்குப் பக்கத்து லயத்தில், நான்காவது கதவுதானே?

பட்டையின் ஆழம்

அத்தொடரின் தொடக்கம் வெற்றியாக அமையவில்லை. முதற்பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டுக் கருத்தை வலிந்து திணித்திருந்தனர். கதை நகரவில்லை, அறிவுரை மட்டுமே நகர்ந்தது. மக்கள் சலித்துக்கொண்டனர். எழுதியவரும் தயாரித்தவர்களும் அச்சலிப்பை மதித்தார்கள். அறிவுரையைக் குறைத்தார்கள்; குடும்பத்தின் இன்பதுன்பங்களை முன்னே கொண்டுவந்தார்கள். அதன் பிறகே மக்கள் திரும்பி வந்தார்கள்.

பால் வெட்டும் கைக்கு இது விளங்கும். உளியை மேலோட்டமாக இழுத்தால் மங்கு நிறையாது. ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பின்னர் அந்தப் பக்கம் வெட்டவே இயலாது. கதையில் அறிவுரையும் அவ்வாறே. படாமல் போனால் பயனில்லை. மிகுந்துவிட்டால் மரம் கெடும்.

இதை நான் என் சொந்த அனுபவத்திலும் கற்றேன். இளைஞனாக இருந்தபோது, எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்காகக் கள்ளின் தீமை பற்றி ஒரு நாடகம் எழுதினேன். குடிகாரன் மேடைக்கு வந்தது முதல் இறுதிவரை தள்ளாடினான், மனைவியை அடித்தான், கடைசியில் இரத்தம் கக்கிச் செத்தான். ஊர் இளைஞர்கள் கைதட்டினார்கள். நான் பூரித்துப் போனேன். மறுநாள் காலையில், பால் நிறுக்கும் இடத்தில் ஓர் அம்மாள் என்னை அழைத்தார். அவருடைய கணவர் குடியினாலேயே மாண்டவர்.

“தம்பி, உன் நாடகத்துல வந்த ஆளு எங்க வீட்டுக்காரரு மாதிரி இல்லப்பா” என்றார். “அவரு குடிக்காத நேரத்துல பிள்ளைக்குத் தலை சீவி விடுவாரு. சம்பளத்தன்னைக்குக் கள்ளுக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குப் பூ வாங்கிக் குடுத்துட்டுத்தான் போவாரு. அதை எழுதியிருந்தா, உட்கார்ந்து பாத்த குடிகாரனுங்க அழுதிருப்பானுங்க. நீ எழுதினதைப் பாத்து, இது நம்ம இல்லைன்னு சிரிச்சுட்டுப் போயிட்டானுங்க.”

அன்று எனக்கு நாணம் ஏற்பட்டது. என் நாடகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடிகாரனும் இல்லை. நான் எழுதியது ஒரு சுவரொட்டி. பல ஆண்டுகள் கழித்து ஜோஷியின் பசேசர் ராமைப் பற்றி அறிந்தபோது, அந்த அம்மாள் சொன்ன பாடத்தை நாடறிய எழுதிக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று உணர்ந்தேன். பசேசர் ராம் வெறுக்கத்தக்கவன்தான். ஆனால், வெறுத்து ஒதுக்கிவிட முடியாதவன். அவன் வீட்டு மனிதன்.

நான்கு இலட்சம் கடிதங்கள்

தொடர் ஒளியேறிய காலத்தில் பார்வையாளர்கள் எழுதிய கடிதங்கள் நான்கு இலட்சம் எனக் கணக்கிடப்பட்டது. இளைய மகளை எப்படியாவது மருத்துவப் படிப்பில் சேர்த்துவிடுங்கள் என்பது போலவும், மூத்த மகளுக்கு நல்ல இடத்தில் திருமணம் முடியுங்கள் என்பது போலவும், கதைமாந்தரைத் தம் உறவினராகவே கருதி மக்கள் ஆலோசனை வழங்கினர். கண் தானம் பற்றிய கருத்து வந்தபோது, அதற்கு முன்வந்து ஒப்பமிட்டோரும் உண்டு.

எனினும், எழுத்தாளன் எண்ணியபடியே எல்லாம் நடந்துவிடவில்லை. தாய் பகவந்தியை, இப்படி வாய்மூடிப் பொறுத்திருக்கக்கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாகவே படைத்திருந்தனர். ஆனால், பின்னர் நடந்த ஆய்வில், அவளே பின்பற்றத்தக்கவள் என்று கூறிய பார்வையாளர் பலர் இருந்தனர். பெண் என்றால் பொறுமை எனப் பழகிய நெஞ்சம், அதையே திரையிலும் கண்டு போற்றியது. மனிதன் காலங்காலமாக நம்பி வந்ததை ஒரு தொடர் ஒரே மாதத்தில் மாற்றிவிடாது. எழுதுகிறவனுக்கு இந்தப் பணிவு வேண்டும்.

இக்கதையை நான் நம் தாய்மார்களுக்காகவும் சொல்கிறேன். பொறுமை நல்ல குணம். ஆனால், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கான பணம் சம்சுக் கடைக்குப் போகும்போதும் பொறுத்திருப்பது குணம் ஆகாது.

எழுத்தாளரும் தயாரிப்பாளரும்

‘ஹம் லோக்’ தொடருக்குப் பின், 1986ஆம் ஆண்டில் ‘புனியாத்’ என்னும் தொடரை ஜோஷி எழுதினார். ‘ஷோலே’ படத்தால் புகழ்பெற்ற ரமேஷ் சிப்பியும் ஜோதி சரூப்பும் அதனை இயக்கினர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் இலாகூரை விட்டுப் பெயர்க்கப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை அது. நாடு துண்டானதை வரலாற்று நூல்கள் சொல்லும். ஒரு வீட்டின் அடுப்படி துண்டானதை அத்தொடர் சொன்னது. தொடர்ந்து ‘கக்காஜி கஹின்’, ‘முங்கேரிலால் கே ஹசீன் சப்னே’ போன்ற நகைச்சுவைத் தொடர்களையும் எழுதினார். நம் கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ இந்திப் பதிப்பிலும் அவருடைய பேனாவுக்குப் பங்குண்டு.

வாரந்தோறும் பகுதிகளை எழுதித் தள்ள வேண்டிய நெருக்கடியை அவர் எவ்வாறு சமாளித்தார்? தாம் வாயால் சொல்லச் சொல்ல உதவியாளர் ஒருவரைத் தட்டெழுதச் செய்வது அவர் வழக்கம். இதில் ஒரு நன்மையுண்டு. வாயால் சொல்லப்படும் உரையாடல் காதுக்கு இயல்பாக அமையும். நீங்களும் எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அங்கே வாக்கியம் பிழைபட்டிருக்கும்.

தாம் கற்ற தொழிலை அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. திரைக்கதை எழுதும் முறையைப் புதியவர்களுக்குக் கற்பிக்கும் நூலொன்றையும் இந்தியில் எழுதினார். ‘க்யாப்’ என்னும் நாவலுக்காக 2005ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றார். 2006ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் டில்லியில் மறைந்தார்.

அவர் காலத்தவரான கமலேஷ்வரையும் ஒரு சொல் குறிப்பிட வேண்டும். ‘சாரிகா’ என்னும் கதை இதழின் ஆசிரியராக இருந்தவர் அவர். திரைப்படங்களுக்கு எழுதினார், 1975ஆம் ஆண்டின் ‘ஆந்தி’ படம் அவருடைய எழுத்தில் பிறந்தது. அவரே 1980-களின் தொடக்கத்தில் இந்தியத் தொலைக்காட்சியான தூர்தர்ஷனில் உயர் நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றார். எழுதுபவன் காகிதத்தில் மழை என ஒரு சொல் எழுதிவிடுவான். அந்த மழைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், எவ்வளவு செலவாகும், நனைந்த நடிகருக்கு மாற்றுடை யார் கொண்டுவருவார் என்றெல்லாம் பார்ப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. தோட்டத்தில் வெட்டு ஒருவர் கையில். பாலைச் சேர்த்து, நிறுத்து, ஆலைக்கு அனுப்புவது வேறு பலர் கையில். எல்லாக் கைகளும் ஒழுங்காக இயங்கினால்தான் ரப்பர். இரண்டு வேலையும் அறிந்தவன் வீணாக எழுதமாட்டான்.

நம் கதை

இனி நம்மிடம் வருவோம். தோட்டத்தின் கதை திரைக்கு வரவே இல்லை என்று சொல்வதற்கில்லை. தீபக் குமாரன் மேனன் 2005ஆம் ஆண்டில் இயக்கிய ‘செம்மண் சாலை’, ரப்பர்த் தோட்டத்தில் வாழும் ஒரு பெண் பல்கலைக்கழகம் செல்ல விரும்புவதைக் காட்டியது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் நகரோரங்களில் பட்ட பாட்டை ஒரு சிறுவனின் கண்களால் சொன்னது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் எனப் பரிசும் பெற்றது.

ஆனால், சொல்லப்படாதவை மிகுதி. கப்பலேறி வந்த பாட்டிமார் கண்ட கடல், 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோது மூட்டை கட்டிய குடும்பங்கள், செம்பனை வந்தபின் மாறிப்போன வேலைமுறை, முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்ற பெண்ணை வழியனுப்ப லயமே திரண்டு நின்ற காலை. பிரிவினையின் துயரத்தை ஒரு குடும்பத்தின் வழியே ‘புனியாத்’ சொல்லலாம் என்றால், இவற்றையும் ஒரு குடும்பத்தின் வழியே சொல்லலாம். அதைச் செய்ய வேண்டியவர்கள் வேறெங்கிருந்தும் வரப்போவதில்லை. தோட்டங்கள் குறைந்து வருகின்றன. அவற்றை நேரில் அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர்.

எனவே, இளைஞர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, கேளுங்கள். ஜோஷி முதலில் பத்திரிகையாளர். பிறர் பேசுவதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவர் தொழில். உங்கள் தோட்டத்து மூத்தவர் ஒருவரிடம் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அமருங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இன்று கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யவும் இயலும். அவருடைய அனுமதியோடு செய்யுங்கள்.

இரண்டாவது, சிறியதாக எழுதுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், இரண்டு பேர் என ஒரு காட்சி போதும். சம்பள நாள் மாலை, வாசலில் மனைவி, படியேறும் கணவன், அவன் சட்டைப்பையில் மீதி எவ்வளவு? இதை இரண்டு பக்கத்தில் எழுத முடிந்தால், உங்களால் தொடரும் எழுத முடியும்.

மூன்றாவது, எழுதியதைத் தோட்டத்தாரிடமே முதலில் படித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டுக்காரர் இப்படி இல்லை என்று யாரேனும் சொன்னால் சினம் கொள்ளாதீர்கள். உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஆசிரியர் அவர். எனக்குக் கிடைத்த அந்த அம்மாள் இன்று இல்லை. என் நாடகத்தைத் திருத்தி எழுதி அவருக்குக் காட்டுவேன் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன், காட்டவில்லை. அந்தக் கடனைத்தான் இன்று உங்கள் முன் பேசித் தீர்க்க முயல்கிறேன்.

இந்த மண்ணில் நம் முன்னோர் வெட்டிய பால் உலகமெங்கும் சென்றது. அவர்களுடைய பெயர்கள் எங்கும் செல்லவில்லை. பெயர்களையும் கதைகளையும் அனுப்பிவைக்கும் வேலை நமக்கு மிஞ்சியிருக்கிறது. அதற்கான கோபுரம் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு குயர்த் தாளும் ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு இன்றே தொடங்குங்கள்.